வீட்டில் ஒரே ஒரு நேரான சுவர்

என் மகளின் வலது தோள் இடதை விடத் தாழ்ந்து, பதிந்து கிடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, அவளுடைய தகப்பனும் அல்ல. மாதாதான் காட்டிக்கொடுத்தார்.

எங்கள் நெடுந்தீவுக் கோயிலில் திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் பிள்ளைகளுக்கென்று ஒரு சுற்றுப்பிரகாரம் நடக்கும். இரண்டு நீளத் தடிகளின் மேல் மரப்பீடம் ஒன்றைப் பொருத்தி, அதில் மாதாவின் சின்னச் சொரூபத்தை வைப்போம். அதைக் கூடு என்போம். நான்கு பெண் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கூட்டைத் தோளில் தூக்குவார்கள். ஆயரின் கையால் உறுதிபூசுதல் பெறாத சின்னப் பிள்ளைகள்தான் தூக்கலாம் என்பது ஊர் வழக்கம். என் மகளுக்கு அடுத்த வருடம் உறுதிபூசுதல். இந்த வருடம் விட்டால் பிறகு இல்லை. முதன்முதலாக நற்கருணை வாங்கி முதல்நன்மை எடுத்த நாளிலிருந்து அவள் கூட்டுக்கு முன்னால் பூப் போட்டுக்கொண்டு நடந்தவள். பூப் போடும்போதெல்லாம் திரும்பித் திரும்பித் தூக்குகிற அக்காமாரைத்தான் பார்ப்பாள். நான் அந்த வயதில் சண்டைக்கு இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தேன். எனக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்கப்போகிறது என்று எனக்கும் ஆசை இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

தவக்காலம் முடிந்த கையோடு, பிள்ளைகளைப் பழக்குகிற சிஸ்டர் நான்கு பேரையும் கூப்பிட்டுத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். மகள் முன்னால் இடப்பக்கம் நின்றாள். தடி அவளுடைய வலது தோளில் இருந்தது. மாதாவின் கூப்பிய கைகளிலிருந்து ஒரு நீளமான செபமாலை தொங்கும். கூடு தூக்கியதுதான் தாமதம், அந்தச் செபமாலை மாதாவின் நடுச்சட்டையை விட்டு விலகி என் மகளின் பக்கமாகப் போய்த் தொங்கியது. சிஸ்டர் மகளைப் பக்கம் மாற்றி வலப்பக்கம் விட்டார். இப்போது தடி இடது தோளில். அந்தத் தோள் உயரமென்பதால் மாதா திரும்பவும் பழைய பக்கமே சரிந்தார். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் என் மகளைப் பார்த்தார்கள்.

"பிள்ளைக்கு ஒரு தோள் பதிஞ்சு கிடக்குது, டீச்சர்," என்றார் சிஸ்டர். நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், அதனால் ஊரில் எல்லோருக்கும் டீச்சர்தான். "கழுத்தும் முன்னுக்குத் தள்ளுது. இப்பிடித் தூக்கினா மாதா விழுந்திடுவா. கொடியேத்தத்தண்டு திரும்பத் தூக்கிப் பாப்பம். அண்டைக்கும் சரிஞ்சா வேற பிள்ளையைத்தான் விடவேணும்."

வீட்டுக்கு வந்ததும் மகள் குசினி வாசலில் குந்தியிருந்து அழுதாள். நான் அவளை எழுப்பி நிறுத்தி அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மாதாவே! வலது தோள் தொங்கிப்போய், முதுகு வளைந்து, தலை உடம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நான் பெற்ற பிள்ளை, நான் தலை வாரிவிடுகிற பிள்ளை. இத்தனை நாளும் என் கண் எங்கே போயிருந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

காரணம் தேட ஊரெல்லாம் போக வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடப் பை வலது தோளில். குழாயடியிலிருந்து தூக்கி வருகிற நல்ல தண்ணீர்க் கான் வலது கையில். பின்னேரம் கட்டிலில் முதுகை வளைத்துப்போட்டுக்கொண்டு போனில் படம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது என்பது ஊரறிந்த விசயம். அன்றிலிருந்து தொடங்கினேன். "நிமிர்ந்து நில்லடி! நிமிர்ந்து இரடி! கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டாதை!" நாலு வயதுப் பிள்ளைகளை மேய்த்துப் பழகிய தொண்டை. என் சத்தம் கேட்டுப் பக்கத்து வளவு ஆடுகள்கூட நிமிர்ந்தன என்று என் மனுசன் பகிடி பண்ணினார்.

என் மனுசன் கடற்றொழில் செய்கிறவர். அதிகம் கதைக்க மாட்டார், கதைத்தால் நக்கல்தான். அவருடைய தங்கை பிரான்சில் இருக்கிறாள். வீடியோவில் பிள்ளையைக் காட்டினோம். அவள் உடனே முதுகை இழுத்துக் கட்டுகிற பட்டி ஒன்றை ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பினாள். பெரிய ஆட்களுக்கான பட்டி. அதைச் சட்டைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். எங்கள் ஊர் வெயிலில் பிள்ளைக்கு வேர்வை ஒழுகி, தோல் சிவந்து, இரண்டாம் நாள் அழுகை. "இஞ்சேரும், உதைக் கழட்டும். பிள்ளையைக் கருவாட்டுப் பொதி மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறீர்," என்றார் மனுசன். கழற்றினேன். தோள் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

வலையில் மீன் குறைகிற அடுத்த நிலவு காலத்தில், வலை போடாத நாளாகப் பார்த்து, மூவரும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம். விடியக் காலமைப் படகு, குறிகட்டுவானில் இறங்கி பஸ். பஸ்ஸில் பிள்ளை மண்கும்பான் வரும்வரை போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். போகிற காரியம் என்ன, செய்கிற வேலை என்ன! பறித்து என் கைப்பைக்குள் போட்டேன்.

உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிற மிஸ் ஒரு சின்னப் பெண். என் கடைசித் தங்கையின் வயது இருக்கும். அவருடைய அறையில் கூரையிலிருந்து ஒரு நூல் தொங்கியது, நுனியில் ஒரு குண்டு. பிள்ளையை அதன் பக்கத்தில் பக்கவாட்டாக நிறுத்தி, காது, தோள், இடுப்பு, கணுக்கால் எல்லாம் நூலோடு ஒரு கோட்டில் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. காது நூலுக்கு எவ்வளவோ முன்னால் நின்றது.

மனுசனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மிஸ், இது எங்கட தங்கூசியும் ஈயமுமெல்லோ?" தங்கூசி என்றால் எங்கள் ஆட்கள் தூண்டிலுக்கும் வலைக்கும் பாவிக்கிற நைலோன் நூல். அதில் ஈயக்குண்டு கட்டித்தான் கடலில் விடுவார்கள்.

"ஓம் அண்ணை, அதேதான்," என்று மிஸ்ஸும் சிரித்தார். பிறகு பிள்ளையைக் குனியவிட்டு முதுகெலும்பை விரலால் தடவிக்கொண்டு வந்தார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எலும்பு வளைந்திருந்தால் பட்டியும் ஒப்பரேசனும் என்று ஆரோ சொன்னது தலைக்குள் ஓடியது.

"எலும்பு நேராத்தான் கிடக்கு, அக்கா. பயப்பிடாதேங்கோ. ஒரு பக்கத்துத் தசை இறுகிப்போச்சு, மற்றப் பக்கம் தளர்ந்துபோச்சு. வளர்ற பிள்ளை, பயிற்சி செய்தா மாத்தலாம்."

"கொடியேத்தத்துக்கு முதல் மாறுமோ?" என்று மகள் கேட்டாள். மாதாவின் கதையை நான் மிஸ்ஸுக்குச் சொன்னேன். அவர் கலண்டரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "நீர் ஒவ்வொரு நாளும் செய்தீர் எண்டா ஏலும். ஒரு நாள் விட்டாலும் நான் பொறுப்பில்லை," என்றார்.

பயிற்சிகளை அவரே செய்து காட்ட, மனுசன் போனில் படம் எடுத்தார். நாடியை, அதாவது மோவாயை, உள்ளுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். முதுகின் சிப்பி எலும்புகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு புளியங்கொட்டையை வைத்து நெரிப்பதுபோல் தோளைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் சுவர். குதிகால், பின்பக்கம், முதுகு, பின்தலை நான்கும் சுவரில் முட்ட நின்று, இரண்டு கைகளையும் சுவரோடு ஒட்டியபடி மேலே தூக்கி இறக்க வேண்டும். வானதூதர் செட்டை விரிக்கிற மாதிரி இருந்ததால் மகள் அதற்குச் சம்மனசுப் பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டாள். கானை இனி இடது கையிலும் மாற்றி மாற்றித் தூக்க வேண்டும், பையை இரண்டு தோளிலும் போட வேண்டும்.

வெளிக்கிடும்போது மிஸ் என்னைப் பார்த்தார். "அக்கா, ஒண்டு சொல்லட்டே? நிமிர் நிமிர் எண்டு கத்தாதேங்கோ. கத்தினா பிள்ளை ஒரு நிமிசம் நெஞ்சைத் தள்ளிக்கொண்டு நிப்பா, பேந்து பழையபடி விழுந்திடுவா. தானா நிக்கப் பழகட்டும்."

நான் கத்துவேன் என்று இவருக்கு ஆர் சொன்னது? மனுசன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சுள்ளென்றுதான் இருந்தது. என்றாலும் வாயைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த நாளே தொடங்கினோம். பள்ளிக்கூடத்துக்கு முதல் ஒருதரம், தண்ணீர் அள்ளிய பிறகு ஒருதரம். தனியே செய்யமாட்டேன் என்று மகள் அடம்பிடித்ததால் நானும் பக்கத்தில் நின்றேன். கைகளைத் தூக்கும்போது என் எலும்புகள் எல்லாம் நொறுக்குநொறுக்கென்று சத்தம் போட்டன. "அம்மா, உங்களுக்கு எண்ணெய் விடவேணும்," என்றாள். நின்ற இடம் எங்கள் வீட்டு முன்னறைச் சுவர். மனுசனின் பாட்டன் கட்டிய வீடு. கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் போட்ட சுவர், எத்தனை புயல் வந்தும் அசையாதது. அதைவிட நல்ல சுவர் எங்கே கிடைக்கும் என்று நான் நினைத்தேன்.

பிள்ளை நிமிரத்தான் செய்தாள். நெஞ்சு வெளியே வந்தது, தலை பின்னுக்குப் போனது. தோள்கள்கூடச் சமமாக வந்ததுபோல் இருந்தது. நான் பிரான்சுக்கு வீடியோ எடுத்து, "பாத்தியே, பட்டி இல்லாமலே நிமிர்த்திப்போட்டன்," என்று பெருமை அடித்தேன். மனுசன் மட்டும் ஒருநாள் அவள் படலையால் வருவதைப் பார்த்துவிட்டு, "புதுசாச் சேர்ந்த பொலிசுக்காரன் மாதிரியெல்லோ நடக்கிறாள்," என்றார். நீங்கள் சும்மா இருங்கோ என்று அவரை அடக்கிவிட்டேன்.

கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது திரும்ப மிஸ்ஸிடம் போனோம். நான் பரிசு வாங்கப் போகிறவள்போல் போனேன். மிஸ் பிள்ளையை நூலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"தோள் எவ்வளவோ நல்லம். ஆனா ஏன் பிள்ளை பின்னுக்குச் சாய்ஞ்சு நிக்கிறா? வயிறும் முன்னுக்குத் தள்ளுது. அக்கா, எங்கை வைச்சுப் பயிற்சி செய்யிறனீங்கள்?"

"வீட்டுச் சுவரிலதான், மிஸ்."

"என்ன சுவர்?"

சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனுசன் தலையில் கையை வைத்தார். "ஐயோ, அந்தச் சுவர் சரிவெல்லோ!" என்றார்.

முருகைக்கல் சுவர் அடியில் அகன்று, மேலே போகப் போக ஒடுங்கும். அப்படிக் கட்டினால்தான் நிற்கும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் அலுமாரியின் அடி சுவரோடு முட்டினாலும் உச்சியில் பெரிய இடைவெளி. அதற்குள் விழுந்த சீப்பையும் கரண்ட் பில்லையும் கம்பு விட்டு எடுத்தே என் கலியாண வாழ்க்கை பாதி போயிருக்கிறது. அந்தச் சுவரில் குதியையும் தலையையும் முட்டி நின்றால் பின்னுக்குச் சாயாமல் வேறென்ன செய்வது? விசரி, விசரி என்று என்னையே திட்டிக்கொண்டேன். மிஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு கிழமைதானே கிடக்கு," என்றாள். அவள் குரல் உடைந்ததைக் கேட்டதும் எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"பழகின தசை பழகினதுதான், பிள்ளை. ஒண்டும் வீணாப் போகேல்லை," என்றார் மிஸ். "ஒரு நேர்ச் சுவரைக் கண்டுபிடியும். காணும்."

வீட்டுக்கு வந்ததும் மனுசன் தங்கூசியும் ஈயமும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினார். முன்னறை சரிவு. சாமியறை அதைவிடச் சரிவு. குசினிச் சுவர் ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே. கல்வேலியைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. மகள் அவருக்குப் பின்னாலேயே போனாள், நான் அவளுக்குப் பின்னால். கடைசியில் வளவின் மூலையில், போன வருடம் மேசன் வந்து சீமெந்துக்கல்லால் கட்டிய கக்கூசுக்கு முன்னால் அவர் நின்றார். உச்சியில் நூலைப் பிடித்து ஈயத்தை விட்டார். ஈயம் ஆடி, ஆடி, நின்றது. நூல் மேலிருந்து கீழ்வரை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"இந்தா, உம்மட சுவர்," என்றார்.

"கக்கூஸ் சுவரிலயோ!" என்று மகள் கத்தினாள். "ஆரும் பாத்தா?"

"பாத்தாப் பாக்கட்டும். மாதாவைத் தூக்கவேணுமோ, வேண்டாமோ?" என்றார் மனுசன்.

அவள் வந்து சுவரில் ஒட்டி நின்றாள். அந்தச் சுவர் ஒழுங்கைப் பக்கமாக இருந்தது. இடுப்பளவு கல்வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே போய்வரும். காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பின்னேரம் கடற்கரையால் வருகிற ஆட்கள். அவர்கள் பார்க்கும்போது டீச்சரும் மகளும் கக்கூஸ் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு சிறகடிப்பார்கள். "என்ன டீச்சர், பொம்புளைப் பொலிசு பிடிச்சு நிப்பாட்டிப்போட்டுதோ?" என்று ஒருவர். "உள்ளுக்கு ஆளோ, வரிசையிலயோ நிக்கிறியள்?" என்று இன்னொருவர். முதல் இரண்டு நாள் மகள் முகத்தைத் தூக்கவில்லை. மூன்றாம் நாள் மனுசன் கடலால் வந்த கையோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எங்களுக்குப் பக்கத்தில் தானும் ஒட்டி நின்றார். வலை இழுத்து வளைந்த அந்த முதுகு சுவரில் முட்டவே மாட்டேன் என்றது. அவர் பட்ட பாட்டைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு ஆர் பார்த்தாலும் அவளுக்குக் கவலையில்லை. ஒழுங்கையால் போகிறவர்களைத் தானே கூப்பிட்டு, "வாங்கோ, நீங்களும் செய்யுங்கோ," என்பாள்.

நான் கத்தவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது எனக்கும் அந்த மாதாவுக்கும்தான் தெரியும். படிக்கும்போது அவள் வளைந்திருந்தால் வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்க் கோழிகளைத் திட்டுவேன். ஒருநாள் அப்படித் திட்டிவிட்டு உள்ளே வந்து பார்த்தேன். அவள் தானாகவே கதிரையில் நிமிர்ந்து இருந்து எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. குழப்பிவிடுவேன் என்று பயம்.

கொடியேற்றத்தன்று பூசை முடிந்ததும் சிஸ்டர் நான்கு பேரையும் கூப்பிட்டார். நான் கோயில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடு எழும்பியது. செபமாலை ஆடியது, ஆடி மாதாவின் நடுச்சட்டையில் வந்து நின்றது. சிஸ்டர் ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மகள் அங்கேயே துள்ளவில்லை. தோளில் மாதா இருந்தாரே! பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

சுற்றுப்பிரகாரத்தன்று கடற்காற்று நல்ல வீச்சு. வெள்ளைச் சட்டையில் மகள் முன்னால் இடப்பக்கம் வந்தாள். அவளுக்கு வலப்பக்கம், மற்றத் தடியில், அவளுடைய வகுப்புத் தோழி. கோயில் வீதியால் வரும்வரை ஒரு குறையும் இல்லை. கடற்கரைப் பக்கம் திரும்புகிற இடத்தில் மணல் புதைகிற இடம் ஒன்று இருக்கிறது. தோழியின் கால் அதற்குள் இறங்கியது. அவள் பக்கம் தடி பதிந்தது. சனம் "ஆ" என்றது.

அப்போதுதான் கண்டேன். என் மகள் தன் வலது தோளைக் கீழே இறக்கினாள். அதே தோள், அதே பழைய பதிவு. முழங்காலையும் கொஞ்சம் மடித்து, முதுகையும் வளைத்துவிட்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். "நிமிரடி!" என்று கத்த வாயைத் திறந்தும்விட்டேன்.

கத்தவில்லை. என் கண் செபமாலையில் போய் விழுந்தது. அது மாதாவின் நடுச்சட்டையை விட்டு ஒரு விரல்கூட விலகவில்லை.

தோழி மணலிலிருந்து காலை இழுத்து எடுக்கும்வரை மகள் அப்படியே பதிந்து நடந்தாள். அவள் ஏறினதும் இவளும் ஏறினாள். தோள் எழும்பியது, முதுகு எழும்பியது, கழுத்து பின்னுக்குப் போய்ச் சரியான இடத்தில் நின்றது. ஒருவரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கத்தில் நின்ற மனுசன் மூக்கை உறிஞ்சினார். காற்றில் மணல் பறக்குது என்றார்.

வீட்டுக்கு வந்து, சட்டை மாற்றி, பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அந்த மணலடியில நீங்கள் என்னைப் பாத்து வாயைத் திறந்தனீங்கள். கண்டனான்."

"ஓம். கத்தத்தான் போனனான்."

"பேந்து ஏன் கத்தேல்லை?"

"செபமாலையைப் பாத்தனான்," என்றேன்.

அவள் பிட்டைக் குழைத்தாள். "எனக்கு அது தெரியாது. மாதா பின்னாலயெல்லோ. பாரம் பக்கத்தில வந்தவளின்ரை பக்கம் போனது மட்டும் தெரிஞ்சுது. நான் நிமிர்ந்து நிண்டா முழுப் பாரமும் அவளுக்குப் போயிருக்கும், அம்மா. பாவம், கால் புதைஞ்சிட்டுது. அதான் பதிஞ்சு குடுத்தனான்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் கேட்டாள். "பேந்து நிமிர்ந்திட்டன்தானே?"

"ஓம், பிள்ளை," என்றேன். இன்னும் கொஞ்சம் குழம்பு விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எழும்பிக் குசினிக்குள் போனேன்.